சேடை நேரத்தில் 'கிராஸ்' உடைந்தால்? அபிஷேகப்பாக்கம் வயல்வெளி சொல்லும் பாடம்

புதுச்சேரியிலிருந்து கடலூர் செல்லும் சாலையில் முருங்கப்பாக்கம், அரியாங்குப்பம் தாண்டியதும் சுண்ணாம்பாறு வருகிறது. பாலத்துக்கு அருகே படகில் ஏறக் காத்திருக்கும் சுற்றுலாப் பயணிகள் கூட்டம். ஆற்றைக் கடந்து போனால் தவளக்குப்பம். அங்கே மேற்கே திரும்பும் சாலை அபிஷேகப்பாக்கத்துக்கும் சிங்கிரிகுடிக்கும் போகிறது. கடற்கரை ஓட்டல்களின் விளம்பரப் பலகைகள் பின்னால் நின்றுவிடுகின்றன. முன்னால் நெல் வயல், சவுக்குத் தோப்பு, போர்வெல் கொட்டகை, வைக்கோல் போர்.

இந்தப் பக்கத்தில் புதுச்சேரி எங்கே முடிகிறது, தமிழ்நாடு எங்கே தொடங்குகிறது என்பதை வரப்பைப் பார்த்துச் சொல்லிவிட முடியாது. பதினாறு கை நரசிம்மர் மேற்கு நோக்கி அருள்பாலிக்கும் சிங்கிரிகுடி, கடலூர் மாவட்டம். ஒட்டிக் கிடக்கும் அபிஷேகப்பாக்கம், புதுச்சேரி. 1954 நவம்பர் 1-ம் தேதி பிரெஞ்சு நிர்வாகம் கைமாறியபோதும் இந்தப் பின்னல் எல்லைகள் அவிழவில்லை. அதனால் இங்கே வயல்களில் 'பி.ஒய். 01' டிராக்டரும் 'டி.என். 31' டிராக்டரும் அக்கம்பக்கமாக ஓடும். மாநிலம் எதுவானாலும் டிராக்டருக்குப் பின்னால் மாட்டியிருப்பது ரோட்டவேட்டர். இரண்டுக்கும் நடுவே சுழல்வது ஒரு ஷாஃப்ட். அந்த ஷாஃப்டின் இரு முனையிலும் உள்ளங்கை அளவில் ஒரு இரும்புச் சிலுவை. பட்டறையில் அதற்குப் பெயர் 'கிராஸ்'. புத்தகத்தில் 'யுனிவர்சல் ஜாயிண்ட்'.

சம்பா பட்டத்தில் இந்த 'கிராஸ்' உடைந்தால் என்ன ஆகும் என்பது சிறு விவசாயிக்குத்தான் தெரியும். நாற்றங்காலில் நாற்று 25 நாளைத் தாண்டிக்கொண்டிருக்கும். வயலில் தண்ணீர் கட்டியாகிவிட்டது. நடவு ஆட்களுக்கு நாள் சொல்லியாகிவிட்டது. வாடகை டிராக்டர் பாதி வயலில் 'டங்' என்ற சத்தத்தோடு நின்றால், அது பட்டறைக்குப் போய்த் திரும்பும்வரை எல்லாமே நிற்கும். டிராக்டர்காரருக்கு அடுத்த வயல் காத்திருக்கும். நடவு ஆட்கள் வேறு வேலைக்குப் போய்விடுவார்கள். நாற்று முற்றினால் தூர் குறையும். உடைந்த பாகம் சின்னது. அது தின்னும் நாட்கள் பெரிது.

ஏரிப் பாசனமும் இயந்திர உழவும்

அபிஷேகப்பாக்கத்திலிருந்து தென்மேற்கே போனால் பாகூர். புதுச்சேரியின் நெற்களஞ்சியம் என்று பெயரெடுத்த ஊர். தென்பெண்ணையாற்றிலிருந்து பங்காரு வாய்க்கால் வழியாக வரும் தண்ணீரால் நிரம்புவது பாகூர் ஏரி. பல்லவன் நிருபதுங்கவர்மன் காலத்துச் செப்பேடு இந்த ஊரில்தான் கிடைத்தது. 9-ம் நூற்றாண்டில் இங்கே இயங்கிய ஒரு கல்விச்சாலைக்கு ஊர்கள் தானமாகக் கொடுக்கப்பட்டதை அது சொல்கிறது. ஆயிரம் ஆண்டுக்கும் மேலாக உழுதுவரும் மண் இது.

ஏர் மாடு இருந்த காலத்தில் சேடை ஓட்ட நாள் கணக்காகும். கலப்பை உடைந்தால் ஊர்த் தச்சர் அன்றைக்கே சரிசெய்து கொடுத்துவிடுவார். இன்று சொர்ணவாரி, சம்பா, நவரை என்று மூன்று பட்டத்துக்கும் ரோட்டவேட்டர்தான். வேலை சில மணி நேரத்தில் முடிந்துவிடுகிறது. ஆனால் அந்த வேகம் முழுவதும் ஒரே ஒரு ஷாஃப்டின் வழியாகத்தான் மண்ணுக்குப் போகிறது. ஷாஃப்டைப் பேணுவதும் இன்று உழவு வேலையில் சேர்த்திதான்.

சிலுவைக்குள் என்ன இருக்கிறது?

டிராக்டரின் பி.டி.ஓ. தண்டு ஓரிடத்தில் நிலையாக இருக்கிறது. ரோட்டவேட்டரோ ஏறும், இறங்கும், சாயும். வளைந்து நிற்கும் இரண்டு தண்டுகளுக்கு இடையே சுழற்சியைக் கடத்தத்தான் இந்தச் சிலுவை. இரண்டு கவைகள் ஒன்றுக்கொன்று குறுக்காகச் சிலுவையின் நான்கு கைகளைப் பிடித்திருக்கும். ஒவ்வொரு கை மீதும் ஒரு மூடி. மூடிக்குள் ஊசி போன்ற மெல்லிய உருளைகள் வரிசையாக நிற்கும். இவைதான் 'நீடில் பேரிங்'. சிலுவையின் நடுவிலோ ஓரத்திலோ கிரீஸ் ஏற்ற ஒரு நிப்பிள்.

16-ம் நூற்றாண்டு இத்தாலிய அறிஞர் கார்டானோவின் பெயரும், 17-ம் நூற்றாண்டு இங்கிலாந்து அறிஞர் ராபர்ட் ஹூக்கின் பெயரும் இந்த இணைப்போடு ஒட்டிக்கொண்டிருக்கின்றன. பிரெஞ்சு மொழியில் இதற்குப் பெயரே 'கார்தான்'தான். லாரியிலும் ஜீப்பிலும் அடியில் சுழலும் ஷாஃப்டில் இருப்பது இதேதான். கடற்கரைச் சாலையில் எப்போதாவது கண்ணில்படும் வெளிநாட்டுப் பெரிய மோட்டார் சைக்கிள்கள் சிலவற்றிலும் செயினுக்குப் பதில் ஷாஃப்ட் உண்டு. பி.எம்.டபிள்யூ. நிறுவனம் 1923-ல் கொண்டுவந்த ஆர்-32 என்ற அதன் முதல் மோட்டார் சைக்கிளே ஷாஃப்டில் ஓடியதுதான். அதே நிறுவனம் 1987-ல் பின்சக்கரத்து ஷாஃப்டில் இரண்டு ஜாயிண்ட் வைக்கும் முறையைக் கொண்டுவந்தது. பல லட்ச ரூபாய் பைக்கானாலும், சேற்றில் புரளும் ரோட்டவேட்டரானாலும் சிலுவைக்கு எதிரிகள் மூன்றுதான்: தண்ணீர், கிரீஸ் வறட்சி, தப்பான கோணம்.

கண்ணுக்குத் தெரியாத குலுக்கல்

இந்த ஜாயிண்டுக்கு ஒரு பிறவிக் குணம் உண்டு. வளைந்து நிற்கும்போது ஒரே சீராகச் சுழலாது. டிராக்டர் பக்கம் நிமிடத்துக்கு 540 சுற்று என்று சீராக வந்தாலும், ஜாயிண்ட் 30 டிகிரி வளைந்திருந்தால் அடுத்த பக்கத்தின் வேகம் ஒவ்வொரு சுற்றிலும் 468-க்கும் 624-க்கும் இடையே இரண்டு முறை ஏறி இறங்கும். 15 டிகிரி வளைவென்றால் இந்த ஏற்ற இறக்கம் 522-க்கும் 559-க்கும் இடையே அடங்கிவிடும். கோணம் கூடக் கூடக் குலுக்கல் எப்படிப் பெருகுகிறது என்பது இதிலேயே தெரியும்.

இதைச் சரிக்கட்டத்தான் ஷாஃப்டில் இரண்டு ஜாயிண்ட் வைத்திருக்கிறார்கள். முதலாவது போடும் குலுக்கலை இரண்டாவது எதிராகப் போட்டு அழித்துவிடும். ஆனால் அதற்கு இரண்டு நிபந்தனை.

முதலாவது, ஷாஃப்டின் நடுப்பகுதியில் இரு முனையிலும் உள்ள கவைகள் ஒரே தளத்தில் இருக்க வேண்டும். ஒரு முனைக் கவை படுத்திருந்தால் மறுமுனைக் கவையும் படுத்திருக்க வேண்டும். நிறைய ஷாஃப்டுகளில் சதுரக் குழாய்க்குள் சதுரக் கம்பி போய் வருகிறது. கழற்றி மாட்டும்போது கால் திருப்பு மாறினாலும் அது உள்ளே போய்விடும், யாருக்கும் தெரியாது. அப்படி மாறிவிட்டால் ஒரு குலுக்கல் இன்னொன்றை அழிப்பதற்குப் பதில் அதோடு சேர்ந்துகொள்ளும். 30 டிகிரி வளைவில் ரோட்டவேட்டருக்குப் போகும் வேகம் 405-க்கும் 720-க்கும் இடையே ஊசலாடும். நொடிக்கு 18 முறை இந்த அடி கியர்பாக்ஸ் பல்லில் விழும். 'புது கிராஸ் போட்டும் பத்து நாளில் போய்விட்டது' என்ற புலம்பலுக்குப் பல நேரம் காரணம் இந்தக் கால் திருப்புதான். கழற்றுவதற்கு முன்பே குழாயிலும் கம்பியிலும் உளியால் ஒரே கோட்டில் ஓர் அடையாளம் போட்டுவிட்டால் இந்தத் தப்பு நேராது.

இரண்டாவது, இரு முனையிலும் கோணம் சமமாக இருக்க வேண்டும். டிராக்டரின் பி.டி.ஓ. தண்டும் ரோட்டவேட்டரின் கியர்பாக்ஸ் தண்டும் பக்கவாட்டில் நின்று பார்த்தால் ஒன்றுக்கொன்று இணையாகத் தெரிய வேண்டும். ரோட்டவேட்டர் உழும் ஆழத்தில் இறங்கியிருக்கும்போது இதைப் பார்க்க வேண்டும். மூக்கு தூக்கியோ குனிந்தோ நின்றால் டாப் லிங்க்கைத் திருகிச் சரிசெய்யலாம். செலவில்லாத வேலை, ஐந்து நிமிடம் போதும்.

வரப்போரம் திருப்பும்போது

இந்தப் பகுதி வயல்கள் சின்னது. காணிக் கணக்கில் பிரிந்து, பங்கு பிரிந்து, இன்னும் துண்டாகியிருக்கும். பெரிய வயலில் ஒரு முறை திருப்பும் இடத்தில் இங்கே பத்து முறை திருப்ப வேண்டும். ஒவ்வொரு முறையும் டிரைவர் ரோட்டவேட்டரை உச்சிக்குத் தூக்குவார். பி.டி.ஓ. சுழன்றுகொண்டே இருக்கும். அந்த நேரத்தில்தான் கோணம் எல்லை மீறும். 'கடகட' என்று சத்தம் வரும். கிராஸின் ஆயுள் கரையும்.

பிளேடு மண்ணை விட்டு விலகும் அளவுக்கு மட்டும் தூக்கித் திருப்பினால் போதும். லிஃப்ட் லீவருக்கு ஒரு தடுப்பு வைத்துவிட்டால் பழக்க தோஷத்தில் கை மேலே போனாலும் கருவி மேலே போகாது. வரப்பைத் தாண்டவோ, சாலைக்கு ஏற்றவோ முழுசாகத் தூக்க வேண்டியிருந்தால் பி.டி.ஓ.வை நிறுத்திவிட்டுத்தான் தூக்க வேண்டும். வைக்கோல் கட்டும் பேலர் போன்ற இழுவைக் கருவிகளிலும் இதே கதைதான்; குறுகலாகத் திருப்பும்போது பி.டி.ஓ. நின்றிருக்க வேண்டும்.

ஷாஃப்டின் நீளமும் முக்கியம். ஒரு டிராக்டருக்கு வெட்டிய ஷாஃப்டை இன்னொரு டிராக்டருக்கு மாட்டும்போது நீளம் பார்க்காமல் விடுவது வாடகை வண்டிகளில் நடக்கும் தவறு. மிக நீண்டிருக்கும் நிலையில் கம்பி குழாய்க்குள் குறைந்தது மூன்றில் ஒரு பங்காவது இருக்க வேண்டும். மிகக் குறுகிய நிலையில் கம்பி குழாயின் அடியில் போய் முட்டக் கூடாது. ஓர் அங்குலமாவது இடைவெளி வேண்டும். முட்டினால் அடி ஷாஃப்டோடு நிற்காது. டிராக்டரின் பி.டி.ஓ. பேரிங்கும் ரோட்டவேட்டரின் கியர்பாக்ஸ் பேரிங்கும் சேர்ந்து போகும்.

மாலையில் பத்து நிமிடம்

இங்கே கடல் பக்கத்தில்தான் இருக்கிறது. உப்புக் காற்றில் இரும்பு சீக்கிரம் துருப்பிடிக்கும். சேடையில் ஓடும் ஷாஃப்ட் நாள் முழுக்கச் சேற்றுத் தண்ணீரில் குளிக்கிறது. 2024 நவம்பர் 30-ல் ஃபெஞ்சல் புயல் கரை கடந்தபோது புதுச்சேரியில் ஒரே நாளில் 45 செ.மீ.க்கு மேல் மழை கொட்டியது. தொடர்ந்து தென்பெண்ணையில் வெள்ளம் வந்து பாகூர் பகுதி மூழ்கியது. அப்படித் தண்ணீரில் நின்ற கருவியை வெளியே துடைத்துவிட்டு அப்படியே ஓட்டக் கூடாது. மூடிக்குள் புகுந்த தண்ணீர் ஊசி உருளைகளை உள்ளேயே துருப்பிடிக்க வைத்துவிடும்.

கிரீஸ் அடிக்கும் முறை இதுதான்:

1. இன்ஜினை நிறுத்தி, சாவியை எடுத்துக் கையில் வைத்துக்கொள்ள வேண்டும். ரோட்டவேட்டர் தரையில் இறங்கியிருக்க வேண்டும்.

2. நிப்பிளைத் துணியால் துடைத்த பிறகே கிரீஸ் கன்னை வைக்க வேண்டும். துடைக்காமல் அடித்தால் மண்ணும் சேர்ந்து உள்ளே போகும்.

3. சிலுவையின் நான்கு மூடியிலும் ஓரமாகப் புது கிரீஸ் எட்டிப் பார்க்கும்வரை அடிக்க வேண்டும். ஒரு மூடியில் மட்டும் வரவில்லை என்றால் அந்தக் கைக்குள் கிரீஸ் போகவில்லை என்று அர்த்தம். ஜாயிண்டை அசைத்து, மடக்கி, மறுபடியும் அடிக்க வேண்டும். அப்போதும் வரவில்லை என்றால் அந்தக் கிராஸ் உழைக்கும் நாள் அதிகமில்லை.

4. சதுரக் கம்பி குழாய்க்குள் நழுவும் இடத்துக்கும் கிரீஸ் வேண்டும். அங்கே இறுகிப்போனால் ஷாஃப்ட் நீளாது, சுருங்காது.

5. ஓட்டும் நாட்களில் 8 மணி நேர உழைப்புக்கு ஒரு முறை இது அவசியம். சேற்றில் ஓடிய நாளென்றால் கழுவி, காயவிட்டு, அன்று மாலையே அடித்துவிட வேண்டும். புது கிரீஸ் உள்ளே போகும்போது புகுந்த தண்ணீரும் வெளியே தள்ளப்படும்.

லித்தியம் வகை கிரீஸ் இந்த வேலைக்கு ஏற்றது. ஆளுக்கொரு வகையை மாற்றி மாற்றி அடிப்பது நல்லதல்ல; சில வகைகள் ஒன்றோடொன்று கலந்தால் இளகி ஓடிவிடும்.

உடைவதற்கு முன்பே சொல்லும்

கிராஸ் திடீரென்று உடைவதில்லை. பல நாள் முன்பே சொல்லிவிட்டுத்தான் உடைகிறது. மூடியின் ஓரத்தில் செங்கல் பொடி போலச் சிவந்த தூள் தெரிந்தால், உள்ளே கிரீஸ் இல்லை, துரு அரைபடுகிறது என்று பொருள். இன்ஜின் நின்ற நிலையில் ஷாஃப்டைக் கையால் பிடித்து முன்னும் பின்னும் திருப்பியும், மேலும் கீழும் ஆட்டியும் பார்த்தால் கவைக்கும் சிலுவைக்கும் இடையே ஆட்டம் தெரியக் கூடாது. மடக்கும்போது நெருடல் இருந்தால் உருளைகள் சிலுவைக் கையில் பள்ளம் போட்டுவிட்டன. அரை மணி நேரம் ஓட்டி நிறுத்தியபின் ஒரு மூடி மட்டும் மற்றவற்றைவிட அதிகமாகச் சுட்டால் அதில்தான் கோளாறு.

மாற்றும்போதும் சில கவனங்கள் உண்டு. அளவு தெரியாமல் போய்க் கேட்டால் ஏறக்குறையப் பொருந்துவதுதான் கிடைக்கும். பழைய கிராஸைக் கையோடு கடைக்குக் கொண்டுபோவது நல்லது. மூடியைப் பொருத்தும்போது உள்ளே ஓர் ஊசி உருளை சாய்ந்து விழுந்தாலும் மூடி முழுசாக உட்காராது. அதைச் சுத்தியலால் அடித்து உட்கார வைத்தால் புதுக் கிராஸ் அங்கேயே பாழ். லாக் வளையம் காடியில் சுற்றிலும் உட்கார்ந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். நிப்பிள், கன் எட்டும் பக்கமாக இருக்க வேண்டும். மூடி நழுவுகிறது என்று வெல்டிங் வைப்பது அன்றைய பொழுதை ஓட்டும்; சூட்டில் ஊசி உருளைகளும் எண்ணெய்க் காப்பும் கெட்டு, கவையும் சேர்ந்து வீணாகும்.

ஷாஃப்டில் ஷியர் போல்ட் இருந்தால் அது உடைவதற்காகவே வைத்தது. கல்லிலோ சவுக்கு வேரிலோ பிளேடு மாட்டினால் போல்ட் துண்டாகிக் கியர்பாக்ஸைக் காப்பாற்றும். 'அடிக்கடி உடைகிறது' என்று அந்த இடத்தில் கெட்டி போல்ட்டோ கம்பியோ சொருகினால், அடுத்த கல்லில் உடைவது பத்து மடங்கு விலையுள்ள பாகம்.

துண்டும் முந்தானையும்

கிராஸ் உடைந்தால் பணம் போகும், பட்டம் தவறும். ஷாஃப்டுக்குப் பக்கத்தில் அலட்சியமாக இருந்தால் போவது வேறு.

540 சுற்று என்றால் நொடிக்கு 9 சுற்று. கவையின் குறுக்களவு 10 செ.மீ. என்று வைத்துக்கொண்டால் ஒரு நொடியில் ஏறத்தாழ 2.8 மீட்டர் துணியை அது சுருட்டும். நாலு முழ வேட்டி முழுசாகச் சுருள முக்கால் நொடிகூட வேண்டாம். 'ஐயோ' என்று சொல்லி முடிப்பதற்குள், டிரைவர் திரும்பிப் பார்ப்பதற்குள் எல்லாம் முடிந்துவிடும். மனிதக் கை அந்த வேகத்தோடு இழுத்து ஜெயிக்க முடியாது.

தோளில் துண்டு, தொங்கும் வேட்டி நுனி, காற்றில் பறக்கும் முந்தானை, துப்பட்டா, அவிழ்ந்த கூந்தல் எதுவும் சுழலும் ஷாஃப்டின் பக்கம் போகக் கூடாது. கஞ்சித் தூக்கோடு வரும் வீட்டுப் பெண்கள் டிராக்டரின் முன்பக்கமாக, டிரைவரின் கண்ணில் படும்படி வந்து நிற்க வேண்டும். ரோட்டவேட்டர் மீது பாரத்துக்கு ஆள் உட்காருவதும், மட்கார்டில் பிள்ளையை உட்கார வைத்து ஓட்டுவதும் ஒரு நாளும் வேண்டாம். சிக்கிய வைக்கோலையோ கொடியையோ எடுக்க, இன்ஜின் நின்று ஷாஃப்டும் நின்ற பிறகே இறங்க வேண்டும். ஷாஃப்டைத் தாண்டிக் கால் வைப்பது, நின்றிருக்கும்போதுகூட வேண்டாத பழக்கம். சுற்றிப் போக பத்து அடிதான் ஆகும்.

புது ஷாஃப்ட் வாங்கும்போது மேலே பிளாஸ்டிக் உறையும் அதைப் பிடித்துக்கொள்ளச் சங்கிலியும் வரும். கிரீஸ் அடிக்க இடைஞ்சல் என்று முதல் மாதமே அதைக் கழற்றிப் போடுகிறவர்கள் உண்டு. உள்ளே ஷாஃப்ட் சுழலும்போது வெளியே உறை சுழலாமல் நிற்பதுதான் அந்தச் சங்கிலியின் வேலை. வாடகைக்கு உழவு அமர்த்தும் விவசாயி, மணிக்கு எவ்வளவு என்று கேட்பதோடு ஷாஃப்டுக்கு உறை இருக்கிறதா என்றும் கேட்கலாம். கேட்கிறவர்கள் கூடினால் மாட்டுகிறவர்களும் கூடுவார்கள். கருவிப் பராமரிப்பில் மேலும் விவரம் வேண்டுமென்றால் புதுச்சேரி விவசாயிகளுக்கு குரும்பாப்பேட்டில் காமராஜர் வேளாண் அறிவியல் நிலையம் இருக்கிறது.

தேருக்கு ஆணி, ஷாஃப்டுக்கு ஊக்கு

சிங்கிரிகுடியில் பிரம்மோற்சவம் வந்தால் தேர் ஓடும். அபிஷேகப்பாக்கம், தவளக்குப்பம் என்று எல்லைக்கு இரண்டு பக்கத்து ஊர் ஜனமும் வடம் பிடிக்கும். அச்சாணி இல்லாத தேர் முச்சாணும் ஓடாது என்பது இவர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. தேர் நகரும் முன்பு அச்சையும் ஆணியையும் தட்டிப் பார்ப்பார்கள்.

ஷாஃப்டைப் பி.டி.ஓ.வில் மாட்டும் இடத்திலும் அப்படியொரு ஊக்கு இருக்கிறது. மாட்டியதும் 'கிளிக்' என்று வெளியே வந்து நிற்க வேண்டும். நின்றதா என்று ஒரு முறை பின்னால் இழுத்துப் பார்க்க இரண்டு நொடி. கழன்று பறக்கும் ஷாஃப்ட் எங்கே அடிக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது.

பொழுது சாயும் நேரத்தில் சேடை முடிந்த வயல்களில் கொக்குகள் இறங்குகின்றன. வரப்போரம் டிராக்டர்கள் ஒவ்வொன்றாக ஏறிச் சாலைக்கு வருகின்றன. வீட்டு வாசலில் நிறுத்தி, சாவியை எடுத்து, ஒரு குடம் தண்ணீரில் சேற்றைக் கழுவி, கிரீஸ் கன்னைக் கையில் எடுக்கும் வீட்டில் நாளைக் காலை வண்டி நேரத்துக்குப் புறப்படும். நடவு ஆட்களுக்குச் சொன்ன நாள் தவறாது.